"வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது" என்று எழுதுகிறோம். யாருக்கு விளங்கியது?



மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள நம்மட ஆக்களுக்கு. பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் எண்பதைத் தாண்டிய மூத்தவாப்பாவோ மூத்தம்மாவோ இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

சத்தியக்கடதாசியின் அடிப்பகுதியை எல்லோரும் பார்த்திருப்போம். சமாதான நீதவான் முத்திரை குத்தும் இடத்துக்கு மேலே ஒரு வசனம் இருக்கும். மேலே உள்ள விடயங்கள் இன்னாருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டன, அவர் விளங்கிக்கொண்டதாகத் தெரிந்த பிறகு என் முன்னிலையில் ஒப்பமிட்டார் என்பது அதன் கருத்து. சட்டம் அந்த வசனத்தைச் சும்மா வைக்கவில்லை. எழுத்து வாசிப்புத் தெரியாதவரையும் கண் மங்கியவரையும் யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே வைத்தது.

நம்மட ஊர்களில் நடப்பது என்ன? மகன் தட்டச்சு செய்து கொண்டு வருகிறார். மருமகன் மை பூசுகிறார். பேரப்பிள்ளை விரலைப் பிடித்துக் கடதாசியில் அமத்துகிறது. "இது என்னத்துக்கு மகன்?" என்று கேட்டால், "அது ஒண்டுமில்ல உம்மா, ஒரு ஒபிஸ் வேலை" என்பதுதான் பதில். பிறகு அந்தக் கடதாசி சமாதான நீதவானின் வீட்டுக்குப் போய் முத்திரையோடு திரும்பி வருகிறது. மூத்தம்மா அந்த முன்னிலையைக் கண்ணாலும் காணவில்லை. ஆனால் வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்று அதில் இருக்கிறது.

காணிக் கடதாசி மட்டும் இப்படி என்றால் குடும்பப் பிரச்சினை என்று விட்டுவிடலாம். மனித உரிமை விடயத்திலும் நம்மட மூத்த தலைமுறையை இதே மாதிரித்தான் நடத்துகிறார்கள். மகஜர் என்றால் கைநாட்டு. ஆர்ப்பாட்டம் என்றால் முன்வரிசையில் கதிரை. அமைப்புக்கு அறிக்கை என்றால் சுருங்கிய முகத்தின் போட்டோ. தேர்தல் என்றால் வாசலுக்கு வேன். இத்தனைக்கும் தேவைப்படுகிற அந்த மனிதரிடம் ஒரு நாளாவது உட்கார்ந்து, இதுதான் பிரச்சினை, இதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

நாங்கள் படிப்பிக்கிற ஆக்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு உரிமை, கடமை என்று பாடம் நடத்துகிறோம். விளங்கவில்லை என்று கை தூக்கினால் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறோம். பத்து வயதுக்கு உள்ள இந்த மரியாதை தொண்ணூறு வயதுக்கு இல்லை என்றால் அது அநியாயம். அதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வருகிறோம்.

ஜனாஸா எரிப்புக் காலத்தை நினைத்துப் பாருங்கள்.

2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் மௌத்தான முதலாவது முஸ்லிமின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரலில் எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வந்தது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அதை இங்கே ஏற்கவில்லை. டிசம்பர் 1 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம் இருபது நாள் பச்சைக் குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25 ஆம் திகதிதான் அடக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது.

கிட்டத்தட்ட பதினொரு மாதம். அந்த மாதங்களில் கூடுதலாகப் பயந்தது யார்? வயது போனவர்கள்தான். மௌத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள். கொரோனாவில் முதலில் போகக்கூடியவர்களும் அவர்கள். காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டோம் என்று அடம்பிடித்த மூத்தவர்கள் எத்தனை வீடுகளில் இருந்தார்கள்! "என்ன எரிச்சிடுவாங்களா மகன்?" என்ற கேள்விக்கு நம்மட வீடுகள் கொடுத்த பதில், "அப்படி ஒண்டும் நடக்காது, நீங்க சும்மா இருங்க" என்பதுதான். செய்தி நேரம் வந்தால் டீவியை நிப்பாட்டினார்கள். பக்கத்து வீட்டில் மௌத்து என்றால் மறைத்தார்கள். பாசத்தில்தான் செய்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய உடல், அவருடைய கபுறு, அவருடைய மார்க்கம். அந்த வழக்கில் உண்மையான கட்சிக்காரர் அவர்தான். அவருக்கே தெரியாமல் அவருக்காக நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது.

2021 பெப்ரவரியில் பொத்துவிலில் தொடங்கி பொலிகண்டி வரை ஒரு நடைபயணம் போனது. காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று தமிழ் மக்களின் கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்புக்கு எதிரான கோரிக்கையும் அதில் இருந்தது. நம்மட ஊர்களுக்குள்ளால் போனபோது நம்மட ஆக்களும் சேர்ந்தார்கள். 1990 க்குப் பிறகு இரு சமூகமும் இப்படி ஒரு ரோட்டில் நடந்தது சின்ன விடயமா? ஆனால் 1990 ஐ முழுசாகக் கண்ட தலைமுறை வீட்டுக்குள் இருந்து சத்தத்தை மட்டும் கேட்டது. யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று எத்தனை வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள்?

2024 ஜூலையில் அமைச்சரவை இந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. முகநூலில் நாம் எல்லோரும் கருத்து எழுதினோம். மன்னிப்புப் போதுமா, விசாரணை வேண்டாமா, பொறுப்பானவர் யார் என்று விவாதித்தோம். எரிபட்ட மனிதரின் விதவைக்கு, எண்பத்தைந்து வயதில் கட்டிலில் கிடக்கிற தாய்க்கு, அந்த மன்னிப்பை யார் கொண்டு போய்க் கொடுத்தது? மன்னிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கிற ஹக்கு அவர்களுக்குத்தானே முதலில் இருக்கிறது.

இப்போது சாட்டுகளுக்கு வருவோம். நான்கு சாட்டு வழமையாகச் சொல்லப்படும்.

முதலாவது சாட்டு, "அவங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

உலக மனித உரிமைப் பிரகடனம் 1948 டிசம்பர் 10 ஆம் திகதி வந்தது. எண்பது வயது மூத்தம்மா அந்தப் பிரகடனத்தை விட மூத்தவர். கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது. தொண்ணூறு வயதானவர் அதைச் சின்ன வயதில் கண்ணால் கண்டவர். அம்பாறை என்று ஒரு மாவட்டம் 1961 இல்தான் வந்தது. அதற்கு முன்னர் மட்டக்களப்பு மாவட்டமாக இருந்த காலத்தில் அவர்கள் கல்யாணமும் முடித்திருப்பார்கள். 1956 இல் மொழிச் சட்டம் வந்தபோது நாம் புத்தகத்தில் படித்ததை அவர்கள் வாழ்ந்து பார்த்தார்கள். நம்மட வட்டைகளில் விதானையைத் தெரிவு செய்ததும், தண்ணீர் திறக்கும் நாளை ஒத்துக்கொண்டதும், வாய்க்கால் சண்டையைத் தீர்த்ததும் அவர்கள்தான். பள்ளிவாசலில் மரைக்காராக இருந்து குடும்ப வழக்கை விசாரித்தவர்களும் அவர்கள்தான். மருதமுனையில் தறிக் கூலிக்காக வாயாடி வென்ற பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

மனித உரிமை என்ற சொல் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஹக்கு என்ற சொல் புதிதா? அநியாயம், அமானிதம், பதுவா என்பதெல்லாம் அவர்களின் வாயில் இருந்து நாம் படித்த சொற்கள். கூட்டங்களில் சிலர் பேசுகிற "பொறுப்புக்கூறல்", "நிலைமாறுகால நீதி" என்ற தமிழ் நமக்கே பாதிதான் விளங்குகிறது. சொல்லத் தெரியாத குற்றத்தைக் கேட்கிறவர் தலையில் போடக் கூடாது.

இரண்டாவது சாட்டு, "பழைய காயத்தைக் கிளறாதீங்க."

இது பாதி நியாயம். கிளறத்தான் கூடாது. 1990 இல் மகனைப் பறிகொடுத்த தாயிடம் மைக்கை நீட்டி, அழும்வரை கேட்டு, அந்த அழுகையை டிக்டொக்கில் போடுவது பாவம். ஆனால் மறு பாதியும் உண்டு. பேச வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை. பேசவே விடாமல் மற்றவர் முடிவெடுத்தால் அது அவருடைய வாயைக் கட்டுவது. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். "இதப் பத்திக் கதைக்க விருப்பமா மூத்தம்மா?" என்று கேட்பதற்குப் பத்து செக்கனும் தேவையில்லை. இல்லை என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு கதை கதைக்கலாம்.

மூன்றாவது சாட்டு, "வயசு போன நேரத்தில ஸபூர் செய்யட்டும், தஸ்பீஹ் ஓதட்டும்."

அல்குர்ஆனின் 58 ஆவது சூராவின் பெயரே அல்முஜாதலா, வாதாடுகிற பெண். கவ்லா பின்த் தஃலபா (ரலி) தன் புருஷன் செய்த அநியாயத்தை ரஸூலுல்லாஹ்விடம் (ஸல்) கொண்டு வந்து வாதாடியபோது அவர் இளம் பெண் இல்லை. வாழ்க்கையைக் கொடுத்துவிட்டு முதுமையில் நின்ற பெண். அவருடைய முறைப்பாட்டுக்கு வஹி இறங்கியது. பின்னொரு நாள் கலீபா உமர் (ரலி) அவர்களை வழியில் நிறுத்தி அவர் பேசியதும், கலீபா நின்று கேட்டதும் நம்மட பயான்களில் எத்தனையோ தடவை சொல்லப்பட்ட சம்பவம். பயானில் அழுகிறோம். வீட்டில் உள்ள கவ்லாவுக்கு "ஸபூர் செய்யுங்க" என்கிறோம். ஸபூர் என்பது வாயை மூடுவதாக இருந்திருந்தால் அந்த சூராவே இறங்கியிருக்காது.

நான்காவது சாட்டு படித்த ஆக்கள் சொல்வது. "பழைய ஆக்கள்ட கருத்து உரிமைக்கு எதிராத்தான் இருக்கும், அவங்களக் கேட்டா நாம பின்னுக்குத்தான் போவோம்."

முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை எடுங்கள். 1951 ஆம் ஆண்டின் சட்டம். திருத்தம் பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வர 2018 ஆகிவிட்டது. அதுவும் இரண்டாகப் பிரிந்து வந்தது. இந்த விவாதம் முழுவதிலும் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வரும். "நம்மட மூத்தம்மாமார் பதின்மூணு வயசில கலியாணம் முடிச்சு நல்லா வாழலியா?" எதிர்ப் பக்கத்தில் இன்னொரு வசனம். "நம்மட மூத்தம்மாமார் அடிமையாத்தான் வாழ்ந்தாங்க." இரண்டு பக்கமும் மூத்தம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டது. இரண்டு பக்கமும் அவரைப் பேச விடவில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் கல்யாணப் பதிவில் மணப்பெண்ணின் ஒப்பம் கட்டாயம் இல்லை. வலி ஒப்பமிட்டால் போதும். ஆகவே பதின்மூன்று வயதில் அவரைக் கேட்கவில்லை. இப்போது முதுமையில் அதே சட்டத்தைத் திருத்து என்றும் திருத்தாதே என்றும் மகஜர் கொண்டு போய்க் கைநாட்டு வாங்குகிறவர்களும் அவரைக் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் ஆயுளில் முதல் ஒப்பமும் கடைசி ஒப்பமும் மற்றவர்களின் கையில்.

கேட்டுப் பாருங்கள். ஒருவர், "எனக்கு அல்ஹம்துலில்லாஹ் நல்லாத்தான் இருந்திச்சு" என்பார். இன்னொருவர், "என்ட பேத்திக்கு அது வரக் கூடாது" என்பார். இரண்டும் ஒருவர் வாயிலிருந்தே வரலாம். எதையும் வெட்டாமல் எழுதுங்கள். அவருடைய கருத்து நமக்குப் பிடிக்காததாக இருந்தால் அவரோடு விவாதியுங்கள். மரியாதையாக, ஆனால் உண்மையாக. "வயசு போனவ, எதச் சொன்னாலும் ஓம் என்போம்" என்று தலையாட்டுவதும் அவமதிப்புத்தான். மூளை உள்ள மனிதரோடுதான் விவாதிப்பார்கள்.

மூத்தவர்களை உண்மையாகக் கேட்டால் நமக்கு வசதியில்லாத கதையும் வரும். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். அதே ஆகஸ்டில்தான் வீரமுனையில் அடைக்கலம் தேடி இருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். முதல் இரண்டையும் நம்மட பிள்ளைகள் வருடாவருடம் கேட்கிறார்கள். மூன்றாவதை எத்தனை பிள்ளை கேட்டிருக்கிறது? சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து மூத்தவர்களுக்கு அந்த மாதம் முழுசாகத் தெரியும். தமிழ் அயலவரை வீட்டில் ஒளித்து வைத்தவரும் அவர்களில் இருப்பார். தன் கண்ணால் கண்ட அநியாயத்தை முப்பத்தைந்து வருடம் நெஞ்சுக்குள் வைத்திருப்பவரும் இருப்பார். அவர் வாயைத் திறந்தால் நம்மட கோஷம் கொஞ்சம் தடுமாறும். தடுமாறட்டும். நமக்கு நடந்ததை மட்டும் எண்ணுவது மனித உரிமை இல்லை, அது கணக்கு வழக்கு.

கல்முனையில் எல்லைப் பிரச்சினை, பிரதேச செயலகப் பிரச்சினை என்று முகநூலில் இரு பக்கத்து இளைஞர்களும் ஏச்சுப் பேச்சில் இருக்கிறார்கள். கல்முனைச் சந்தையில் ஒரே வரிசையில் கடை வைத்திருந்த முஸ்லிம் மூத்தவாப்பாவையும் தமிழ் தாத்தாவையும் ஒரு மேசையில் இருத்திக் கேட்க ஒரு பக்கத்துக்கும் துணிவு வரவில்லை. அவர்கள் சொல்வதை இரண்டு பக்கமும் விரும்பாது என்ற பயம்தான்.

இனி, ஏன் அவசரம் என்று சொல்கிறோம்.

மூத்தவர்களின் சாட்சியம் ஞாபகார்த்தக் கதை மட்டுமில்லை. வழக்குக்குத் தேவையான ஆதாரம்.

1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் தாய் தகப்பன்மாருக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது. அங்கே மண்ணைத் தோண்டி எலும்பு எடுத்தால், அன்று அவர் என்ன உடுத்திருந்தார், கையில் என்ன மணிக்கூடு, எந்தப் பல் உடைந்திருந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அவர்கள் போய்விட்டால் எலும்பு கிடைத்தாலும் பெயர் கிடைக்காது. வடக்கில் 2017 பெப்ரவரி முதல் ரோட்டோரம் இருந்து பிள்ளையைத் தேடுகிற தமிழ்த் தாய்மாரில் பலர் காத்திருந்தே மௌத்தாகிப் போனார்கள். அதைப் பார்த்தும் நமக்குப் பாடம் வரவில்லை.

காணியை எடுங்கள். யுத்தத்தால் விட்டுவிட்டு வந்த வயற்காணிகளில் இன்று வன இலாகாவின் எல்லைக் கல் ஒரு பக்கம், தொல்பொருள் எல்லை இன்னொரு பக்கம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துக்கு என்று தொல்பொருள் செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ போடப்படவில்லை. அந்த மண்ணில் எது யாருடைய கண்டம், எந்த மரத்தடியில் எல்லை, எந்த வருடம் முதல் விதைத்தோம் என்பதைக் கடதாசி இல்லாமலே சொல்லக் கூடியவர்கள் இன்று விரல் விட்டு எண்ணக் கூடிய அளவுதான். யுத்தத்தால் காணிக்கு வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஆட்சியுரிமை பற்றிய விசேட சட்டம் ஒன்று, 5 ஆம் இலக்கச் சட்டம், வந்தது. அதைப் பயன்படுத்தத் தந்த காலம் இரண்டு வருடம். வட்டையில் கால் வைத்துப் பயிர் செய்த எத்தனை மூத்தவாப்பாமாருக்கு அந்த இரண்டு வருடத்துக்குள் அப்படி ஒரு சட்டம் இருப்பதே சொல்லப்பட்டது?

சுனாமியை எடுங்கள். 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். நாட்டிலேயே கூடுதலான இழப்பு இங்கேதான். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியா கட்டித் தந்த 500 வீடு வழக்கில் மாட்டி, 2009 உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்காகக் காடு பிடித்துக் கிடந்தது. அன்று அறுபத்தைந்து வயதில் வீடு இழந்தவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். அந்தத் தீர்ப்பில் என்ன சொல்லியிருக்கிறது, ஏன் வீடு வரவில்லை என்று அவருக்கு யாராவது ஒழுங்காகச் சொன்னார்களா? "நஸீபில்ல" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது நஸீபா, நிர்வாகமா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது.

கடலை எடுங்கள். ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறந்தது. அதற்குப் பிறகு ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் தின்ற கரை எவ்வளவு! முன்னர் கடல் எங்கே நின்றது, தோணி எங்கே இழுத்து வைத்தோம், எத்தனை தென்னை போனது என்று வயதான மீனவர் ஒருவர் சொன்னால் அது பொறியியலாளர் வரைபடத்துக்கு ஈடான சாட்சியம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் பாருங்கள். சுவிற்சர்லாந்தில் வயதான பெண்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சங்கமாகச் சேர்ந்து, காலநிலை மாற்றத்தால் எங்கள் உயிருக்கு ஆபத்து, அரசாங்கம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரல் 9 ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பிடித்துக் கொண்டு போன பேரப்பிள்ளைகளைத் தேடி 1977 இல் பாட்டிமார் ஒரு அமைப்புத் தொடங்கினார்கள். அதன் தலைவி எஸ்தெலா தெ கார்லோத்தோ தன் பேரனைக் கண்டுபிடித்தது 2014 இல், எண்பத்து மூன்று வயதில். அவர்களை யாரும் வேனில் ஏற்றிக் கதிரையில் இருத்தவில்லை. அவர்களே நடத்தினார்கள். நம்மட மூத்தம்மாமாரிடம் அந்த உரம் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இங்கேயும் வாய்ப்பு வராமல் இல்லை. 2016 இல் மனோரி முத்தெட்டுவகம தலைமையிலான செயலணி நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி நாடு முழுக்க மக்கள் கருத்துக் கேட்டது. 7,306 சமர்ப்பணம் வந்தது. படியேறி மண்டபத்துக்குப் போக முடிந்தவர்கள் போனார்கள். கட்டிலோடு கிடந்தவரிடம் பேனையோடு போனது யார்? 2025 ஏப்ரலில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, முதியோர் உரிமைக்கு என்றே சர்வதேச உடன்படிக்கை ஒன்றை வரைய ஒரு செயற்குழுவை அமைக்கத் தீர்மானித்திருக்கிறது. அதற்கும் ஒரு நாள் கருத்துக் கேட்பார்கள். அப்போதும் நம்மட பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் கோட் போட்டு, மூத்தவர்கள் சார்பில் என்று பேசிவிட்டு வருவாரா?

சரி, என்ன செய்யலாம்? பணம் தேவையில்லாத விடயங்களைத்தான் சொல்கிறோம்.

1. மூன்று கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒப்பம் இல்லை. இதில் என்ன எழுதியிருக்கிறது? இது யாருக்குப் போகிறது? ஒப்பமிட்டால் என்ன நடக்கும், இடாவிட்டால் என்ன நடக்கும்? சொல்லி முடிந்த பிறகு அவரையே அவருடைய சொல்லில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால்தான் விளங்கியது. "வேணாம்" என்று சொன்னால் மகஜரைச் சுருட்டிக்கொண்டு வாருங்கள்.

2. சமாதான நீதவான்மாருக்கு. அந்த வசனத்துக்குக் கீழே உங்கள் பெயர் இருக்கிறது. வாசிக்காமல், ஆளைக் காணாமல் முத்திரை குத்தாதீர்கள். துன்யாவிலும் கேள்வி உண்டு, ஆகிராவிலும் கேள்வி உண்டு.

3. நேரம் பார்த்துப் போங்கள். காலையில் தேத்தண்ணி குடித்து, மருந்து போட்டு, முகம் தெளிந்திருக்கும் நேரம் நல்லது. முகத்துக்கு நேரே இருந்து ஆறுதலாகக் கதையுங்கள். கேட்கவில்லை என்றால் கத்தாதீர்கள், பக்கத்தில் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு விடயம், அரை மணித்தியாலம். களைத்தால் நிறுத்தி இன்னொரு நாள் வாருங்கள்.

4. வருடத்தைக் கேட்டுச் சோதிக்காதீர்கள். 57 வெள்ளத்துக்கு முன்னமா பின்னமா, 78 சூறாவளிக்கு முன்னமா பின்னமா, சுனாமிக்கு எத்தனை பெருநாள் முன்னம் என்று கேளுங்கள். ஞாபகம் தானாக வரும். ஒரு விடயம் மாறிச் சொன்னால் பொய் என்று எழுதிவிடாதீர்கள்.

5. மகன் பதில் சொல்லக் கூடாது. இது முக்கியம். மூத்தம்மாவிடம் கேட்டால் மூத்தம்மா பதில் சொல்லட்டும். பெண்களிடம் பெண்கள் கேளுங்கள். சில விடயம் புருஷன் முன்னாலும் வராது, மருமகள் முன்னாலும் வராது.

6. மஹல்லாவுக்கு ஒரு அமர்வு. அஸருக்குப் பிறகு ஏழெட்டுப் பேர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக. சுனாமி வீடு, காணி, காதி நீதிமன்றம், பயங்கரவாதத் தடைச்சட்டம் என்று மாதம் ஒரு தலைப்பு. ஒரு பக்கம் மட்டும் சொல்லாமல் இரண்டு பக்கமும் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக் கேளுங்கள். நம்பிக்கையாளர் சபைகள் நினைத்தால் வருகிற மாதமே தொடங்கலாம். ஒக்டோபர் 1 ஆம் திகதி சாரமும் பேரீச்சம் பழமும் கொடுத்துப் போட்டோ எடுப்பதோடு முதியோர் தினம் முடியக் கூடாது.

7. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கல்முனையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். நம்மட மூத்தவர்கள் அங்கே போக முடியாவிட்டால் அவர்களை மஹல்லாவுக்கு அழைப்போம். ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் கால எல்லை. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. "உம்மாக்குச் சொல்லி மனசக் குழப்புவானேன்" என்று இருக்கும்போதே மாதம் முடிந்துவிடும்.

8. பதிவு செய்தால் அனுமதி கேளுங்கள். எங்கே வைப்போம், யார் கேட்பார் என்று சொல்லுங்கள். முகநூலில் போட அல்ல. இது அமானிதம்.

9. ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யக் கூடியது. குடியியலும் வரலாறும் படிக்கிற உயர்வகுப்புப் பிள்ளைகளை மேலே சொன்ன ஒழுங்குகளோடு ஒரு மூத்தவரிடம் அனுப்பலாம். பிள்ளைக்குப் பாடம், மூத்தவருக்குக் கேட்க ஒரு ஆள். எந்தப் பாடசாலை முன்வந்தாலும் நாங்கள் சேர்ந்து நிற்கத் தயார்.

கடைசியாக ஒரு விடயம், இது கொஞ்சம் கசக்கும்.

மூத்தவர்களோடு மனித உரிமை கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி ஜெனீவாவைப் பற்றி வராது, வீட்டைப் பற்றித்தான் வரும். நம்மட வழமையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. உம்மா எழுதிக் கொடுக்கிறார். கொடுத்த நாளிலிருந்து தான் கட்டிய வீட்டிலேயே விருந்தாளி. நடு வீட்டிலிருந்து பக்கத்து அறை, பக்கத்து அறையிலிருந்து குசினிக்குப் பின்னால். உதவிக் காசு வந்தால் வங்கிப் புத்தகம் இன்னொருவர் கையில். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமையைப் பாதுகாக்க வந்த சட்டம். தங்களைப் பார்த்துக்கொள்ள முடியாத தாய் தகப்பன் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க அதில் ஒரு சபையே இருக்கிறது. இதை அவர்களுக்குச் சொன்னால் சில வீடுகளில் புகை கிளம்பும். அந்தப் பயத்தினால்தான் "அவங்களுக்கு விளங்காது" என்ற சாட்டு நம்மட ஊர்களில் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. விளங்காது என்பதல்ல உண்மை. விளங்கிவிடும் என்பதுதான் பயம்.

ஜெனீவாவில் நமக்கு நீதி கேட்கிற நாக்கு, வீட்டுக்குள் உம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லவும் வேண்டும். இரண்டும் ஒரே ஹக்குத்தான்.

இந்தக் கிழமை உங்கள் வீட்டில் உள்ள மூத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கட வாழ்க்கையில நடந்த பெரிய அநியாயம் எது? அதுக்கு என்ன செஞ்சிருக்கோணும் என்டு நினைக்கிறீங்க?" பதில் வரும்வரை காத்திருங்கள். நடுவில் பேசாதீர்கள். அவர் எதிர்க் கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தேடிக் கொண்டு வந்து சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், ஏசாமல் எழுதுங்கள். உங்கள் மஹல்லாவில் தொடங்க விருப்பமானவர்கள் உட்பெட்டியில் வாருங்கள். பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள், முக்கியமாகக் குடும்ப வட்ஸ்அப் குழுக்களில்.

நம்மட மூத்தவர்களின் ஆயுளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவர்கள் நமக்கு எதிராக அல்ல, நமக்காகச் சாட்சி சொல்கிறவர்களாக அவர்களை ஆக்குவானாக. ஆமீன்.